பழைய வண்டி வாங்கிய பையன்

மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஓட்டலில் வேலை பார்த்தவர். பழனிக்கு பஸ் விட்டார். 2 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காரும் செய்து காட்டினார். ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை இது.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. 1936-ம் ஆண்டில் கட்டப்பட்ட கோயில் அது.

மேகம் இல்லாத நாளில் அங்கே நின்று வடக்கே பார்த்தால், கீழே சமவெளி தெரியும். சமவெளியின் நடுவே பழனி மலை, சின்னஞ்சிறு குன்று போலத் தெரியும்.

அந்தப் பழனியிலிருந்து மேற்கே ஒரு ரோடு போகிறது. மடத்துக்குளம், உடுமலைப்பேட்டை வழியாக அது பொள்ளாச்சிக்குப் போகிறது.

1920-ம் ஆண்டில் அந்த ரோட்டில் ஒரு வாலிபர் பஸ் ஓட்டினார். பஸ் அவருடையது. அதை வாங்குவதற்காக அவர் பட்ட கடன் 4 ஆயிரம் ரூபாய்.

பஸ் ஓடினால் கடன் தீரும். பஸ் நின்றால் வாலிபரின் வாழ்வும் நின்று விடும்.

அவர் மோட்டார் தொழிலை எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. அவருக்கு வாத்தியாராக இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்!

அந்த வாலிபர்தான் ஜி.டி. நாயுடு. மூன்று வண்டிகளைச் சொன்னால் அவருடைய வாழ்க்கையைச் சொன்னது போல. ஒன்று, அவர் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள். இரண்டாவது, கடன் பட்டு வாங்கிய பஸ். மூன்றாவது, அவரே செய்த கார்.

கலங்கல் கிராமம்

கோவைக்குக் கிழக்கே சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தான். தகப்பனார் பெயர் கோபால்சாமி. விவசாயக் குடும்பம்.

துரைசாமி சிறு வயதிலேயே தாயை இழந்தான். பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு தோட்டம், மாடு, ஏர் என்று பொழுது போயிற்று.

ஒரு நாள் அந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவர் பெயர் லங்காஷயர். நில வரி இலாகாவில் அதிகாரி.

துரை குதிரையில் வரவில்லை. மாட்டு வண்டியிலும் வரவில்லை. இரண்டு சக்கரம் உள்ள ஓர் இரும்பு வண்டியில் வந்தார். மாடு இழுக்கவில்லை, மனிதன் மிதிக்கவில்லை. ஆனாலும் வண்டி ஓடியது.

துரைசாமி கண்ட முதல் மோட்டார் வண்டி அதுதான்.

ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். துரை போனதும் வீட்டுக்குப் போய் விட்டார்கள். துரைசாமிக்கு மட்டும் அந்த வண்டியின் நினைவு போகவில்லை. இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது?

அதைத் தெரிந்து கொள்ள ஒரே வழிதான் உண்டு. அந்த வண்டி தன் சொந்தமாக வேண்டும்.

இருபது சவரன்!

துரைசாமி கிராமத்தை விட்டுக் கோவைக்குப் போனார். அங்கே ஓர் ஓட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார்.

இலை போடுவது, பரிமாறுவது, மேஜை துடைப்பது. காலையில் தொடங்கினால் இரவு வரை ஓயாத வேலை. கையில் வந்த காசை அவர் செலவு செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார்.

பணம் சேர்ந்ததும் நேரே லங்காஷயர் துரையிடம் போனார். 300 ரூபாய் கொடுத்து, அன்று கிராமத்தில் பார்த்த அதே மோட்டார் சைக்கிளை வாங்கினார்!

300 ரூபாய் என்றால் இன்று அற்பத் தொகை. அந்த நாளில் ஓர் இங்கிலாந்து சவரனுக்கு அரசாங்கம் வைத்த மதிப்பு 15 ரூபாய். அப்படியானால் 300 ரூபாய் என்பது இருபது சவரன்! இருபது சவரனை ஓர் ஓட்டல் சப்ளையர் பழைய வண்டியில் போட்டார் என்றால், அது சின்னத் துணிச்சல் அல்ல.

புதியதா? பழையதா?

வண்டி வாங்கப் போகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். புதிய வண்டி வாங்குவதா, ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்குவதா?

புதிய வண்டியில் நம்பிக்கை உண்டு, விலை அதிகம். பழைய வண்டியில் விலை குறைவு. ஆனால் உள்ளே என்ன கோளாறு இருக்கிறதோ என்ற பயம் உண்டு. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே தேய்ந்து போயிருக்கும். வாங்கியவன் பாதி விலையை ரிப்பேருக்கே கொடுக்க நேரிடும்.

துரைசாமி வாங்கிய வண்டி 1912-ம் ஆண்டு ரட்ஜ் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் செய்தது. சாதாரணக் கம்பெனி அல்ல அது. 1914-ம் ஆண்டில் மான் தீவில் நடந்த உலகப் புகழ் பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ரட்ஜ் வண்டிதான் முதலாவதாக வந்தது. அந்தக் காலத்து உல்லாசப் பந்தய வண்டி என்றே அதைச் சொல்லலாம்.

அப்படிப்பட்ட வண்டி புதியதாகக் கப்பலில் வந்து இறங்கினால், துரைமார்களும் ஜமீன்தார்களும்தான் வாங்க முடியும். ஓட்டல் சப்ளையருக்கு அது எட்டாத கனி.

ஆகவே பழைய வண்டி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர் வாங்கவில்லை. அந்த வண்டி ஓடியதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். யார் ஓட்டிய வண்டி என்பதும் தெரியும். இடையில் தரகர் யாரும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முக்கியமானது. சவாரி செய்வதற்காக மட்டும் அவர் வண்டி வாங்கவில்லை. கற்றுக் கொள்வதற்காக வாங்கினார்.

பிரித்தார், பூட்டினார்

வண்டி கைக்கு வந்ததும், வேறு ஒருவராக இருந்தால் ஊரைச் சுற்றி வந்திருப்பார். துரைசாமி வண்டியைப் பிரித்துப் போட்டார்!

ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினார். ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் பார்த்தார். எது எதனோடு சேருகிறது, எது அசைந்தால் எது சுற்றுகிறது என்று கவனித்தார்.

மோட்டார் சைக்கிளின் ரகசியம் அப்போது அவருக்குப் புரிந்தது. பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கின்றன. அந்தக் கலவை சிலிண்டருக்குள் போகிறது. மாக்னெட்டோ என்ற கருவி மின்பொறியைத் தருகிறது. கலவை தீப்பற்றி விரிகிறது. பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த வேகம் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டி ஓடுகிறது.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். இப்படிப் பிரித்துப் பூட்டியே அவர் மெக்கானிக் ஆகி விட்டார்.

புதிய வண்டி வாங்கியிருந்தால் அதைப் பிரிக்க மனம் வந்திருக்குமா? வண்டி கெட்டு விடுமோ என்ற பயம் வந்திருக்கும். பழைய வண்டி அந்தப் பயத்தைப் போக்கியது. பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்குப் பழைய வண்டியால் நஷ்டம் இல்லை. தெரியாதவனுக்குப் புதிய வண்டியும் ஒரு நாள் பாரம்தான்.

பருத்தியில் போன பணம்

துரைசாமி அதன் பிறகு பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. பருத்திக்கு நல்ல கிராக்கி. கையில் பணம் சேர்ந்தது.

ஆசை வளர்ந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பருத்தி வியாபாரம் செய்தார். பருத்தி விலை இன்று ஏறும், நாளை இறங்கும். அந்தச் சுழலில் பணத்தை இழந்தார். ஊர் திரும்பினார்.

பணம் போயிற்று. தொழில் போகவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் சொல்லிக் கொடுத்த வித்தை கையில் இருந்தது.

பொள்ளாச்சியோடு நின்ற ரயில்

அந்தக் காலத்தில் பழனிக்கு எப்படிப் போவார்கள்?

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை 1915-ம் ஆண்டில் ரயில் வந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1928-ம் ஆண்டில்தான்.

இடையில் உள்ள தூரம் சுமார் 40 மைல். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் மாட்டு வண்டியில் போக வேண்டும். மாடுகளை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, இளைப்பாற விட்டு, மறுபடி பூட்ட வேண்டும். ஒரு நாளில் முடிகிற பயணம் அல்ல.

தைப்பூசம் வந்தால் ரோடு முழுவதும் காவடி. பங்குனி உத்திரம் வந்தால் கொங்கு நாட்டு ஜனங்கள் தீர்த்தக் காவடி எடுத்துக் கொண்டு நடப்பார்கள். வேண்டுதலுக்காக நடப்பவர்கள் நடக்கட்டும். நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? சந்தைக்குப் போகிறவர்களும், மணமான மகளைப் பார்க்கப் போகிற தாயும் என்ன செய்வார்கள்?

ரயில் நின்ற இடத்தில் ஒரு தொழில் காத்திருந்தது.

மலையில் கார், அடிவாரத்தில் பஸ்

தெற்கே மலை மேல் கதை வேறு விதமாக இருந்தது.

கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் உள்ள ஊர். 1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் கோடை காலத்துக்கென்று அங்கே வீடு கட்டினார்கள். பிறகு ஆங்கிலேய அதிகாரிகளும் பணக்காரர்களும் போனார்கள். முதலில் எல்லாம் நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலியிலும்தான் மலை ஏறினார்கள். 1910-களில் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து மலைப்பாதை முடிந்தது. அதன் பிறகு மோட்டார் வண்டி கொடைக்கானலுக்கு ஏறியது.

மலை ஏறும்போதுதான் மோட்டாரின் வயது தெரியும். வளைவுக்கு வளைவு என்ஜின் சூடாகும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஓடைத் தண்ணீரை ஊற்றி, ஆற விட்டுக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது பிரேக் சரியாக இல்லாவிட்டால் ஆபத்து.

அந்தக் கார்களில் போனவர்கள் ஒரு சிலரே. மோட்டார் என்றாலே பணக்காரர்களின் உல்லாச வண்டி என்று ஏழை எளியவர்கள் நினைத்த காலம் அது.

துரைசாமி வேறு விதமாக நினைத்தார். ஒரு பணக்காரரிடம் நூறு ரூபாய் வாங்கலாம். நூறு ஏழைகளிடம் ஒவ்வொரு ரூபாயும் வாங்கலாம். இரண்டாவது வழியில் நூறு பேர் ஊர் போய்ச் சேருவார்கள்.

அவர் பஸ் விடத் தீர்மானித்தார்.

4 ஆயிரம் கடன்

பஸ்ஸின் விலை 8 ஆயிரம் ரூபாய். துரைசாமி புரட்ட முடிந்தது 4 ஆயிரம்தான். மீதிக்கு எங்கே போவது?

கோவையில் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். ஆலை, காப்பித் தொழில், பள்ளிக்கூடம் என்று கோவைக்குப் பல வகையில் உதவியவர். அவர் 4 ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தார்.

மோட்டார் சைக்கிள் வாங்கியபோது துரைசாமிக்குக் கடன் இல்லை. கையில் காசு சேர்ந்த பிறகுதான் வாங்கினார். பஸ்ஸுக்கு மட்டும் ஏன் கடன் பட்டார்?

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மோட்டார் சைக்கிள் அவருடைய ஆசை. ஆசைக்காகக் கடன் வாங்கக் கூடாது. பஸ் அவருடைய தொழில். அது ஓடி ஓடித் தன் கடனைத் தானே அடைக்கும்.

1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓடியது. துரைசாமியே ஓட்டினார்.

பொள்ளாச்சியில் ஏறினால் வலது கைப் பக்கம் மலைகள் கூடவே வரும். முதலில் ஆனைமலை. உடுமலைப்பேட்டை தாண்டினால் மடத்துக்குளத்தில் அமராவதி ஆறு. பிறகு பழனி மலைத்தொடர் நெருங்கி வரும். கடைசியில் சண்முக நதி. அதைத் தாண்டினால் பழனி.

நடு வழியில் வண்டி நின்றால் என்ன ஆகும்? பக்கத்தில் ஒர்க் ஷாப் கிடையாது. ஆனால் முதலாளியே டிரைவர், டிரைவரே மெக்கானிக். பழைய ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் பூட்டிய கை அது. அந்தக் கைதான் அவருடைய முதல். 8 ஆயிரம் ரூபாயை விடப் பெரிய முதல்!

ஒன்று பலவாகியது

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயின. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். ஜனங்கள் சுருக்கமாக யு.எம்.எஸ். என்றார்கள். 1930-களில் அந்தக் கம்பெனியில் 200-க்கு மேற்பட்ட பஸ்கள் ஓடின.

யு.எம்.எஸ். பஸ்ஸுக்கு நேரம் தவறாமை என்ற நல்ல பெயர் கிடைத்தது. ஓட்டலில் பரிமாறிய துரைசாமி, ஜி.டி. நாயுடு என்ற பெயரில் நாடு அறிந்த மனிதர் ஆனார்.

பணம் வந்த பிறகும் பிரித்துப் பார்க்கும் குணம் அவரை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவுக்குப் போனார். 1936-ம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார்.

சின்ன மோட்டார் வைத்து, பாட்டரியால் ஓடும் சவரக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று வரிசையாகச் செய்தார். 1937-ம் ஆண்டில் கோவை பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. அதைச் செய்ததில் டி. பாலசுந்தரம் நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1941-ம் ஆண்டில் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

2 ஆயிரம் ரூபாய் கார்

இப்போது மூன்றாவது வண்டிக்கு வருவோம்.

1952-ம் ஆண்டில் நாயுடு ஒரு கார் செய்தார். பெட்ரோலில் ஓடும் கார். இரண்டு பேர் உட்காரலாம். விலை 2 ஆயிரம் ரூபாய்!

கார் என்றால் பெரிய மனிதர்களின் வீட்டு வாசலில் நிற்பது என்றிருந்த காலம். வாத்தியாரும், குமாஸ்தாவும், சின்னக் கடைக்காரரும் பழைய காரைக் கூட நினைத்துப் பார்க்க முடியாத காலம். அவர்களுக்குப் புதிய காரே கிடைக்கட்டும் என்பது நாயுடுவின் எண்ணம்.

ஒரு நாளில் பழைய வண்டிக்காக மூன்று ஆண்டு இலை போட்டவர் அல்லவா? அந்த ஆசை எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் கார் செய்து விற்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். எந்தத் தொழிலை யார் தொடங்குவது என்பதை அரசாங்கம் தீர்மானித்த காலம் அது. நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றது.

பிரித்துப் பூட்டி எந்த இயந்திரத்தையும் வசப்படுத்திய கை, ஒரு காகிதத்தின் முன்னால் தோற்றது.

நடுத்தரக் குடும்பங்களுக்கான சின்னக் கார் என்று மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983-ம் ஆண்டு டிசம்பரில். ஒரு லட்சம் ரூபாய் கார் என்று பேசப்பட்ட நானோ 2009-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. கோவையில் கார் உருண்டது 1952-ம் ஆண்டில்! இடையில் எத்தனை ஆண்டுகள் போயின என்று கணக்குப் போட்டால், நின்று போனது நாயுடுவின் கார் மட்டும் அல்ல என்பது தெரியும்.

கையால் கற்கும் கல்லூரி

நாயுடுவுக்கு இளைஞர்கள் மேல் அக்கறை அதிகம். 1945-ம் ஆண்டில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில் கல்லூரி தொடங்கியதில் அவர் முன் நின்றார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார்! அந்தக் கல்லூரிதான் பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு என்பது அவர் கேள்வி. குறைந்த காலத்தில் கைத்தொழிலாகக் கற்றுக் கொடுக்க முடியும் என்று வாதாடினார். அதற்கு இணக்கம் கிடைக்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பு இல்லை. அவர் படித்த கல்லூரிக்கு இரண்டே சக்கரம்.

இன்றும் இருக்கும் பாதை

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் அவர் குடும்பத்தார் அமைத்த கார் காட்சிச்சாலை இருக்கிறது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை எல்லாம் புதிய கார்கள். விலை உயர்ந்த உல்லாசக் கார்களும் நாளடைவில் பழைய கார்கள்தான்.

ஆகையால் வண்டி வாங்கும்போது புதியதா, பழையதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எதற்காக வாங்குகிறோம்? கடன் பட்டால் வண்டியே அதை அடைக்குமா? கெட்டுப் போனால் நம் கையால் சரி செய்ய முடியுமா? ஓட்டல் சப்ளையராக இருந்த துரைசாமியின் வாழ்க்கை இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று கீழே பார்க்கட்டும். பழனி தெரியும். ஓட்டலில் சேர்த்த காசில் பழைய வண்டி வாங்கிய பையன், பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஓட்டி வந்து சேர்ந்த ஊர் அதுதான்.